தமிழ்நாட்டு வீடுகளில் குளிர்கால ஏற்பாடுகள்

தமிழ்நாட்டு வீடுகளில் குளிர்கால ஏற்பாடுகள் என்பது, மழையும் பனியும் கொண்ட மாதங்களுக்காக வீட்டின் கூரை, சாளரம், வடிகால், அடுப்பு, தண்ணீர்க் கலம் ஆகியவற்றைச் சரிசெய்யும் பழக்கங்களைக் குறிக்கும். கடும்பனி பெய்யும் நாடுகளில் இவ்வேலை வீடு முழுவதையும் சூடாக்குவதைப் பற்றியது. தமிழகச் சமவெளியில் அது காற்றை அடைப்பது, மழைநீரை வெளியேற்றுவது, நெருப்பை ஆளுக்கு அருகில் கொண்டுவருவது ஆகிய மூன்று வேலைகளாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. வீட்டையே சூடாக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி மலையில்தான் பெரிய அளவில் தொடங்கியது.

பருவமும் குளிரும்

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆக, ஆண்டில் பாதி குளிர் சார்ந்த பொழுதுகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. வெயிலுக்குப் பேர்போன ஒரு நாட்டின் நாட்காட்டியில் இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் குளிர் என்பது வெப்பமானி காட்டும் எண் மட்டுமன்று, உடல் எதற்குப் பழகியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியசு. அது 1895 டிசம்பரிலும் 1905 சனவரியிலும் பதிவானது. இலண்டன்வாசி அந்த அளவில் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வாழ்பவருக்கு 20 டிகிரியே போர்வை தேடவைக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஐரோப்பாவில் குளிர் பெரும்பாலும் உறைபனியோடு வருகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் அது மழையோடு வருகிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. எனவே இங்கு குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது முதலில் தண்ணீர் தொடர்பான வேலை, அதன் பிறகே நெருப்பு தொடர்பான வேலை.

நெடுநல்வாடை காட்டும் வீடு

இவ்வேலைகளைப் பற்றிய மிகப் பழைய, மிக விரிவான தமிழ்ச் சான்று நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்றான இந்நூலை நக்கீரர் பாடினார். 188 அடிகளைக் கொண்டது. பாண்டியன் நெடுஞ்செழியன் போர்ப் பாசறையில் இருக்க, அரண்மனையில் அரசி பிரிவால் வருந்துவது இதன் பொருள். 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பிறகு இது பரவலாகப் படிக்கக் கிடைத்தது. வகுப்பறையில் இந்நூலை அகமா புறமா என்ற விவாதத்தோடு முடித்துவிடுவது வழக்கம். வீட்டு வரலாற்றைத் தேடுபவருக்கு இதில் வேறொரு புதையல் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒரு நகரத்து வீட்டில் எவை நிறுத்தப்பட்டன, எவை தொடங்கப்பட்டன என்பதை ஏறக்குறைய ஒரு பட்டியல் போலவே புலவர் சொல்லிச் செல்கிறார்.

முதலில் நிறுத்தப்பட்டவை. கோடையில் கைத்திறன் மிக்க கம்மியர் செய்த வட்ட விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டுள்ளன. அவற்றின்மேல் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. விசிறி ஒரு நாள் இரண்டு நாள் அன்று, பல வாரங்களாகத் தொடப்படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உடலைக் குளிர்விக்கும் சந்தனத்தை அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. பெண்கள் கூந்தலில் மிகுதியாகப் பூச்சூடுவதில்லை. வேனிற்காலத்தில் தென்றல் வருவதற்காகத் திறந்துவைக்கப்படும் மேல்மாடச் சாளரங்களின் கதவுகள் பொருந்தச் சாத்தித் தாழிடப்பட்டுள்ளன.

பின்னர் தண்ணீரும் நெருப்பும். ஒடுங்கிய வாயுடைய கன்னல் என்னும் கலத்தில் இருக்கும் குளிர்ந்த நீரை எவரும் குடிக்கவில்லை. அகன்ற வாயுடைய தடவு என்னும் கலத்தில் இட்ட நெருப்பின் வெம்மையையே அனைவரும் நாடுகின்றனர். இரண்டு கலங்களின் வாய் அளவையும் புலவர் குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. சிறிய வாய் கொண்ட மண்கலத்தில் நீர் எளிதில் சூடேறாது, தூசியும் விழாது. அகன்ற வாய் கொண்ட சட்டியில் கங்குகள் பரந்து கிடக்கும், சுற்றி அமர்ந்தவர்கள் அனைவருக்கும் வெப்பம் எட்டும். கலத்தின் வடிவம் அதன் பயனைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுவதும் இக்காலத்துக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. ஈரக் காற்றில் தலை உலர்வது தாமதமாகும் என்பதை நினைத்தால் அது வெறும் ஒப்பனை அன்று. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணி போடும் பழக்கம் இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாவது வடிகால். அரண்மனையின் நிலாமுற்றத்தில் விழும் மழைநீர், சுறாமீனின் பிளந்த வாய்போல் செய்யப்பட்ட அம்பணம் என்னும் நீர்த்தூம்பு நிறைந்து ஒலியோடு கீழே கொட்டுகிறது. மொட்டை மாடி, அதற்கு ஒரு சரிவு, சரிவின் முடிவில் தண்ணீரைச் சுவரைவிட்டு எட்டத் தள்ளும் தூம்பு ஆகியவை இதில் அடங்கும். கோயில் விமானங்களில் இன்றும் காணப்படும் மகரவாய்த் தூம்புகளை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. இக்காலச் சொற்களில் சொன்னால் வெப்பமூட்டல், குளிரூட்டல், குழாய் வேலை ஆகிய மூன்றும் ஒரே பாட்டில் வந்துவிடுகின்றன.

பாட்டின் தொடக்கத்தில் வரும் ஆயர்களை விட்டுவிடக்கூடாது. மழைவெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிச் சென்ற அவர்களுக்குத் தாழிடக் கதவும் இல்லை, தடவும் இல்லை. கொள்ளியைக் கையில் பற்றிக் குளிர்காய்கின்றனர், அப்படியும் பற்கள் அடித்துக்கொள்கின்றன. மாளிகையில் இருந்தவருக்கும் மேட்டில் நின்றவருக்கும் குளிர் ஒன்றுதான், வசதி வேறு.

மாடி இறங்கும் வழக்கம்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கிறான். அங்குப் பருவந்தோறும் நகர மக்கள் வாழும் முறை வரிசையாகச் சொல்லப்படுகிறது. கூதிர்க்காலத்தில் செல்வர் வீட்டு மகளிரும் மைந்தரும் மாளிகையின் இடைநிலத்துக்கு வருகின்றனர், அகில் விறகிட்ட தடவு நெருப்பை நாடுகின்றனர், சிறிய சாளரங்களை அடைத்துவிடுகின்றனர். முன்பனிக்காலத்தில் இளவெயில் காய்வதற்காக நிலா முன்றிலில் அமர்கின்றனர்.

இதில் ஒரு நுட்பமான வழக்கம் அடங்கியிருக்கிறது. வீட்டை மாற்றுவதற்குப் பதிலாக, வீட்டுக்குள்ளேயே மனிதர்கள் இடம் மாறுகின்றனர். காற்று வேண்டும் காலத்தில் மேல்மாடம், வாடை வீசும் காலத்தில் மேலும் கீழும் தளங்கள் காக்கும் இடைநிலம், வெயில் இதமாக இருக்கும் காலத்தில் முற்றம். எரிபொருள் செலவில்லாத ஏற்பாடு இது. ஒவ்வோர் அறைக்கும் ஒரே வேலையை ஆண்டு முழுவதும் கட்டிப்போடும் இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

தடவைப் போன்ற கலங்கள் உலகின் பல இடங்களில் உண்டு. காசுமீரத்தார் பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி வைத்த காங்கிரியை மேலங்கிக்குள் சுமக்கின்றனர். சப்பானியர் கரிச்சட்டியான இபாச்சியைச் சுற்றி அமர்ந்தனர். வேறு சில நாகரிகங்கள் தரையையே சூடாக்கின. உரோமானியர் தளத்தின் அடியில் வெற்றிடம் விட்டு அதில் சூடான காற்றைச் செலுத்தினர், கொரியர் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டனர். தமிழகத்தில் குளிர் அத்தகைய செலவைக் கோரவில்லை.

ஓடும் குழாயும்

இலக்கியத்தில் காணும் வடிகால் மண்ணிலும் கிடைத்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கீழடி அகழாய்வில் செங்கற் கட்டுமானங்களோடு, ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கூரை ஓடுகளில் விரலால் இழுத்த பள்ளங்களும் மேற்பகுதியில் துளைகளும் உள்ளன. துளைகள் மரச்சட்டத்தோடு கயிற்றால் கட்டுவதற்கு, பள்ளங்கள் மழைநீர் வழிந்தோடுவதற்கு என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஓடு செய்தவர் ஈர மண்ணில் விரலை இழுக்கும்போதே ஐப்பசி மழையை மனத்தில் வைத்திருந்தார் என்று கொள்ளலாம்.

கூரை, முற்றம், வெந்நீர்

பிற்கால ஊர் வீடுகளில் குளிர்கால ஏற்பாடு கூரையிலிருந்து தொடங்கியது. தென்னங்கீற்று ஓரிரு ஆண்டுகளில் மக்கிவிடும். பனையோலை சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் கூரை வேய்ந்தாக வேண்டும். நாட்டு ஓடு போட்ட வீடுகளில் ஓடுகளைப் பிரித்து, உடைந்தவற்றை நீக்கி, மறுபடி அடுக்கினர். அணிலும் குரங்கும் நகர்த்திய ஓடு ஒன்று போதும், ஒரு நெல்குதிர் நனைந்துபோக. மழைக்கு முன் கூரை வேய முடியாத குடும்பம் அந்த ஆண்டு முழுவதும் அதன் விலையைக் கொடுத்தது.

சென்னைப் பட்டணத்து மாடி வீடுகளில் வேலை வேறு விதம். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கட்டாகச் சுண்ணாம்பில் பதித்து, அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடத் தொழிலில் பெயர் பெற்ற முறை இது. சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் சேர்ப்பதுண்டு. இத்தளத்தின் எதிரி வெயிலன்று, தேங்கும் நீர். ஆல், அரசு விதைகள் விரிசலில் விழுந்து முளைத்தால் வேர் உத்தரம்வரை இறங்கும். மழைக்கு முன் மாடியில் ஏறிச் செடிகளைப் பிடுங்குவதும் தூம்பு வாயில் அடைந்த சருகை எடுப்பதும் வீட்டு ஆண்களின் வேலையாக இருந்தன. பிடுங்காமல் ஒடித்துவிட்டுப் போனவர்கள் அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு பிடுங்கினர்.

முற்றம் உள்ள வீடுகளில் நான்கு தாழ்வாரங்களின் தண்ணீரும் நடுவில் விழுந்தது. அதை வெளியே கொண்டுபோகும் சாலகத்தைக் குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பது புரட்டாசி மாதத்து வேலை. அண்டாவைத் தாழ்வார விளிம்பில் வைத்து மழைநீர் பிடித்தனர். உப்பில்லாத அந்த நீரில் பருப்பு நன்றாக வேகும் என்று அதைத் தனியாக வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. வடக்குத் திண்ணையில் ஓலைத்தட்டியோ சாக்குப்படுதாவோ தொங்கியது. கோடையில் நனைத்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டி சுருட்டப்பட்டுப் பரணுக்கு ஏறியது. நெடுநல்வாடையின் விசிறிக்கு நேர்ந்ததுதான் இதற்கும்.

குளிக்கும் வெந்நீருக்குக் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு இருந்தது. செம்புத் தவலையைச் சுற்றி மண்ணால் கட்டிய அந்த அடுப்பில் தென்னை மட்டை, பன்னாடை, உமி, மரத்தூள் என்று சமையலுக்கு உதவாத எதுவும் எரிந்தது. பின்னர் வந்தது செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழல், அதைச் சுற்றி நீர். குழலில் மேலிருந்து கரியும் சிரட்டையும் போடுவார்கள், கீழே சாம்பல் விழும். பக்கத்தில் ஒரு குழாய்வாய். உருசியர்களின் தேநீர்க் கலமான சமோவாரும் இதே அமைப்பு உடையது. நீர் நெருப்பைச் சூழ்ந்திருப்பதால் வெப்பம் வீணாவது குறைவு. ஆனால் நீர் இல்லாமல் நெருப்பு மூட்டினால் ஈயப்பற்று உருகிக் கலம் ஒழுகும். விடியற்காலையில் முதலில் எழுந்து பாய்லரில் நீர் இருக்கிறதா என்று பார்த்து நெருப்பு மூட்டியவர் பெரும்பாலும் அவ்வீட்டு மருமகள். வெந்நீரில் கடைசியாகக் குளித்தவரும் அவரே, அதுவும் மீதியிருந்தால். குளிர்கால வசதிகளின் வரலாறு எழுதப்படும்போது இந்த உழைப்பு கணக்கில் வருவதில்லை.

நீலகிரியும் கணப்பறையும்

சமவெளியில் தேவைப்படாத ஒன்று மலையில் தேவைப்பட்டது. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்குப் புல்வெளிமேல் உறைபனி படிகிறது.

அம்மலையில் நெடுங்காலமாக வாழும் தோடர்கள் குளிருக்கு ஏற்ற வீட்டை உருவாக்கியிருந்தனர். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் வளைந்த கூரை, தடித்த புல்வேய்வு, சாளரம் இல்லாத சுவர். வாசல் ஏறத்தாழ 3 அடி உயரம்தான், தவழ்ந்தே நுழைய வேண்டும். உள்ளே ஒரு சிறிய நெருப்பும் சிலரின் உடல்வெப்பமும் போதும். வாசல் சிறிதாக இருந்ததால் காற்றும் விலங்கும் வெளியே நின்றன. குறைந்த விறகில் வாழத் தெரிந்தவர்களின் வீடு அது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1822இல் உதகையில் கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதன்பின் வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு வீட்டையே இங்கும் கட்டினர். உயர்ந்த கூரை, பெரிய கண்ணாடிச் சன்னல், ஒவ்வோர் அறையிலும் சுவரில் பதித்த கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. இந்தக் கணப்பு தடவிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. தடவு ஆளைச் சூடாக்கியது. சுவர்க்கணப்பு அறையைச் சூடாக்க முயன்றது. ஆனால் புகையோடு வெப்பத்தின் பெரும்பகுதியும் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். வெளியேறும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே வரும். முகம் சுட, முதுகு குளிர அமர்ந்திருப்பது இதன் இயல்பு. ஆகவே விறகு மேலும் மேலும் வேண்டியிருந்தது.

அவ்விறகு சோலைக் காடுகளிலிருந்து வந்தது. மலை மடிப்புகளில் திட்டுத்திட்டாக நிற்கும் சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. பங்களாக்களும் படைவீடுகளும் பெருகியபோது உதகையைச் சுற்றியிருந்த சோலைகள் தேய்ந்தன. ஈடுசெய்ய ஆசுத்திரேலியாவிலிருந்து விரைந்து வளரும் மரங்கள் கொண்டுவரப்பட்டன. 1843இல் நீலகிரிக்கு வந்த யூக்கலிப்டசு, பின்னர் விறகுத்தோப்புகளாகப் பரவியது. மலைமக்கள் கற்பூர மரம் என்றும் சமவெளியார் தைலமரம் என்றும் அழைப்பது இதையே. சீகை மரமும் அதே தேவைக்காகப் பரவியது. உதகையின் அடையாளம் என்று சுற்றுலாப் பயணிகள் வாங்கிச் செல்லும் நீலகிரித் தைலம், ஒருவகையில் அந்தக் கணப்புகளின் துணைவிளைவு.

விளைவு விறகோடு நிற்கவில்லை. சோலையும் புல்வெளியும் சேர்ந்தே மழைநீரைத் தேக்கி ஓடைகளாக விடுகின்றன. அந்நிய மரங்கள் பரவிய இடங்களில் புல்வெளி அழிந்தது, தோடர்களின் எருமை மேய்ச்சலும் சுருங்கியது. கூரை வேயும் புல்லைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. குளிருக்கு மிகப் பொருத்தமான வீட்டைக் கட்டியவர்கள், குளிருக்குப் பொருந்தாத வீட்டைச் சூடாக்கியதன் விலையைக் கொடுத்தனர். சீகை முதலிய மரங்களை அகற்றிச் சோலைகளை மீட்கும் பணி அண்மைக் காலத்தில் நடந்துவருகிறது.

மலையில் குழாய்களுக்கும் தனிக் கவனம் தேவை. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடும். உறைபனி இரவில், வெளிச்சுவரில் ஓடும் மெல்லிய குழாயில் நிற்கும் நீர் உறைந்தால் விடியலில் நீர் வராது, சில வேளை குழாய் விரிசல் விடும். குழாயைச் சாக்கால் சுற்றிவைப்பதும், மண்ணுக்கடியில் கொண்டுபோவதும், இரவில் வால்வை அடைத்து நீரை வடித்துவிடுவதும் இதற்கான எளிய காப்புகள்.

லயத்தின் குளிர்

தோட்டத்துரையின் பங்களாவில் கணப்பு எரிந்த அதே மலைகளில் தமிழ்த் தொழிலாளர்கள் லயங்களில் வாழ்ந்தனர். நீலகிரி, வால்பாறை, இலங்கையின் நுவரெலியா எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றுதான். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னே ஒரு சிறிய தாழ்வாரம், தகரக் கூரை. தகரம் இரவில் விரைவாகக் குளிரும், விடியற்காலையில் அதன் அடிப்புறத்தில் ஈரம் கோத்துச் சொட்டும். சமையல் நெருப்பே கணப்பு. புகைபோக்கி இல்லாததால் புகையோடு வாழ வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டங்கள் தந்த கம்பளியின் விலையும் தொழிலாளியின் கடன்கணக்கில் ஏறியது. மலையகத் தமிழரின் குளிர்கால ஏற்பாடு என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பளியும் ஒரு குவளைச் சாயத் தேநீரும்தான்.

மூடிய அறையில் கரி

நெடுநல்வாடை நகரத்தார் தடவைச் சுற்றி அமர்ந்து உயிரோடிருந்ததற்கு அவர்களின் வீடுகளே காரணம். ஓட்டு இடுக்கு, மரக்கதவின் சந்து, உயர்ந்த கூரை வழியே காற்று எப்போதும் உலவியது. இன்றைய அறை அப்படியன்று. கண்ணாடிச் சன்னல், கான்கிரீட் கூரை, தரையோடு பொருந்தும் கதவு ஆகியவை காற்றை முழுமையாக அடைத்துவிடுகின்றன. அதற்குள் கரிச்சட்டி வைத்தால் கரி முழுதாக எரியப் போதிய ஆக்சிசன் இராது, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்ற நினைவே வராது.

கொடைக்கானல், உதகை போன்ற மலையூர்களில் விடுதி அறைக்குள் இறைச்சி வாட்டிய கரியடுப்பைக் குளிருக்காக உள்ளேயே வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்த செய்திகள் பருவந்தோறும் நாளிதழ்களில் வருகின்றன. பெரும்பாலும் சமவெளியிலிருந்து சென்ற இளைஞர்கள். புகை வரவில்லையே, கங்குதானே என்ற எண்ணமே அவர்களைக் கொல்கிறது. புகை நின்ற கங்குதான் கூடுதலாக ஏமாற்றும். கணப்பு என்ற சொல் வழக்கொழிந்ததோடு அதைக் கையாளும் அறிவும் போய்விட்டது. கங்குச் சட்டியை உறங்குமுன் வெளியே வைப்பது முன்பு சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த செயல்.

எரிவாயு கீசரும் இதே இனத்தைச் சேர்ந்தது. கீசர் என்ற சொல் ஐசுலாந்தின் கெய்சிர் என்னும் வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. 1868இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கிய எரிவாயு வெந்நீர்க் கருவிக்கு அப்பெயர் இடப்பட்டது. அதில் புகை வெளியேறும் குழல் இல்லை என்பது அதன் பெரிய குறை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின்னும், காற்றுப்போக்கி அடைத்த குளியலறையில் எரிவாயு கீசரைப் பொருத்தி அதே குறையை மறுபடி உருவாக்குபவர்கள் இருக்கின்றனர். கருவியை அறைக்கு வெளியே பொருத்தி வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது பாதுகாப்பான முறை.

1983க்குப் பிறகு கனடாவில் பெருமளவில் குடியேறிய இலங்கைத் தமிழர்களுக்கு இந்த அறிவு வேறு வடிவில் தேவைப்பட்டது. தொராண்டோவில் அக்டோபர் முடிவதற்குள் தோட்டக் குழாயின் உள்வால்வை அடைத்து நீரை வடித்துவிட வேண்டும், வெப்ப உலையின் வடிகட்டியை மாற்ற வேண்டும், சன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும். உலையுள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும் என்பது ஒண்டாரியோ மாகாணத்தில் 2014 முதல் சட்டம்.

நூம்பலும் மேற்குப் புறநகரும்

சென்னையின் மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டியுள்ள ஊர் நூம்பல். அருகே கூவம் ஆறு, மேற்கே சற்றுத் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி. ஏரிப்பாசன வயல்களாக இருந்த இவ்வட்டாரம் மனைப்பிரிவுகளாக மாறியபோது வீட்டின் குளிர்காலக் கவலையும் மாறியது. கூரை ஒழுகுவது குறைந்தது. தண்ணீர் கீழிருந்து வரத் தொடங்கியது.

இங்குள்ள வீடுகள் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறு, தரைக்கடியில் சம்ப், மாடியில் தொட்டி, பின்புறம் கழிவுநீர்த்தொட்டி என்ற அமைப்பை உடையவை. மழைக்காலத்தில் இவற்றில் மிகவும் பலவீனமானது சம்ப்பின் மூடி. அது தரைமட்டத்தில் இருந்தால், தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றாலே கழிவுநீர் கலந்த வெள்ளம் குடிநீரில் இறங்கிவிடும். 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளத்துக்குப் பின் புறநகர்ப் பகுதிகளில் பலர் சம்ப்பின் வாயைச் செங்கல் வைத்து ஓரடி, ஒன்றரையடி உயர்த்திக் கட்டினர். மோட்டாரையும் மின் இணைப்புப் பெட்டியையும் சுவரில் மேலேற்றினர். பெரிய பொறியியல் ஒன்றுமில்லை. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழை வந்தபோது அந்த ஓரடி பல வீடுகளில் குடிநீரைக் காத்தது.

மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மாடித் தூம்பின் நீர் குழாய் வழியே சல்லியும் மணலும் நிரப்பிய குழிக்குள் இறங்க வேண்டும். கட்டியதோடு மறந்துவிட்ட குழிகளில் மணலின் மேல் சேறு படிந்து நீர் இறங்குவதில்லை. புரட்டாசியில் மேல் மணலை வாரிக் கழுவிப் போடுவது அரைநாள் வேலை. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைக் குழிக்குத் திருப்புவதும் நல்லது. முதல் மழை மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் கொண்டுவரும்.

ஆழ்குழாய் நீர் கடினமானதாக இருக்கும் வீடுகளில் மின் கீசரின் உள்ளே சுண்ணாம்புப் படிவு ஏறுகிறது. சூடாக்கும் கம்பியின்மேல் படிவு தடித்தால் நீர் சூடேறத் தாமதமாகும், மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், கம்பி விரிந்து உடையவும் கூடும். ஒன்பது மாதம் நின்றுபோன கீசரை மார்கழியில் அப்படியே போடுவதற்கு முன், படிவை அகற்றி, மிகையழுத்தத்தை வெளிவிடும் வால்வு திறக்கிறதா என்று பார்த்து, நில இணைப்பையும் மின்கசிவுத் துண்டிப்பானையும் சோதிக்க வேண்டும். பாய்லரில் நீர் இருக்கிறதா என்று விடியலில் பார்த்த அதே பார்வைதான் இங்கும் வேண்டியிருக்கிறது. கோடை முழுதும் ஓடிய குளிர்சாதனத்தின் நீர்வடி குழாயில் பாசியும் குளவிக் கூடும் அடைத்திருக்கும். அதை ஊதிச் சுத்தம் செய்து, சுவர்த் துளையைச் சுற்றியுள்ள இடுக்கைச் சுண்ணப் பசையால் அடைக்காவிட்டால் வாடைக்காற்றோடு வரும் சாரல் அந்த வழியே சுவருக்குள் இறங்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போதும்.